வண்டிக்கு ஓர் ஊர்ப்பெயர்

சித்தூர்க்காரராகிய நாங்கள் வழியில் ஒரு காரைக் கண்டால், அதன் அழகை நோக்குமுன் எண்பலகையைத்தான் நோக்குவோம். ‘ஏ.பி. 03’ என்றிருந்தால், ஓட்டுபவர் யாரென்று அறியாவிடினும் உள்ளம் குளிரும். சித்தூரும் திருப்பதியும் அந்த ஓரெண்ணில் அடங்கியிருந்தன. தமிழ் பேசும் எங்களை வேலூரில் ஆந்திரத்தார் என்பர். உள்ளூரில் அரவத்தார் என்பர். அந்த ‘03’ மட்டுமே எங்களைச் சித்தூரார் என்றது.

2019-இல் மாநிலம் முழுமைக்கும் ‘ஏ.பி. 39’ என்ற ஒரே வரிசை வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் குடிபெயர்வோர்க்கு வசதிதான், மறுக்கவில்லை. பழைய வண்டிகள் பழைய எண்ணோடே ஓடுகின்றன. தெலங்கானத்தாரோ 2014-இல் ‘டி.எஸ்.’ பெற்று, 2024-இல் அதனையும் விடுத்து ‘டி.ஜி.’ என்று மாற்றிக்கொண்டனர். பெயரில் அவர்களுக்கு எத்துணை அக்கறை! 2022 ஏப்ரல் 4-இல் தனி மாவட்டமான திருப்பதிக்கு ஆட்சியர் கிடைத்தார், தனியெண் கிடைக்கவில்லை.

இன்று அலிபிரிச் சோதனைச் சாவடியில் வரிசையாய் நிற்கும் புதுக்கார்களில் எது சித்தூருடையது, எது சிறீகாகுளத்துடையது என்று எண் சொல்வதில்லை. முன்கண்ணாடியில் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் படம் இருக்கிறதா என்று தேடுகிறோம்.