மூட்டு என்றால் முழங்கால்

'மூட்டுவலி' என்று ஒருவர் சொன்னால் கேட்பவரின் கண் உடனே அவருடைய முழங்காலுக்குத்தான் போகும். உடம்பில் எத்தனையோ மூட்டுகள் இருந்தும் அந்தப் பொதுச்சொல்லை முழங்கால் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. தைல விளம்பரம், மருத்துவமனைப் பதாகை, பக்கத்து வீட்டார் அறிவுரை எல்லாமே முழங்காலைப் பற்றியவை. பொதுவான சொல் ஒன்று காலப்போக்கில் ஒரே பொருளுக்கு ஒதுங்குவதை மொழிநூலார் சிறப்புப் பொருட்பேறு என்பர். பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் செகந்திராபாத்தில் வாழும் ஒரு ரயில்வே ஊழியர் இதற்காக நான்கு ஆண்டுகளை இழந்திருக்கிறார்.

அவருக்கு வயது 53. கோவைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கைப்பந்தாட்டத் திறமையால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்று அந்த ஊருக்கு வந்தவர். பதவியின் பெயர் டிக்கெட் பரிசோதகர்; பயணிகளின் வாயில் டி.டி.ஆர். ஓடும் வண்டியில், ஆடும் தளத்தில், பெட்டி பெட்டியாக நடப்பதே வேலை. 26 வயதில் வலையருகே எழும்பியவர் எதிரணி ஆட்டக்காரரின் பாதத்தின் மீது இறங்கினார். வலது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டு, ஓய்வு, பிறகு மீண்டும் ஆட்டம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் வலி தொடங்கியபோது பழைய முறிவை அவர் நினைத்தே பார்க்கவில்லை. வயதாகிறது, மூட்டு தேய்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

முழங்கால் பெரும்பாலும் வயதாலும் உடல் எடையாலும் தேய்கிறது. கணுக்கால் அப்படியன்று. அது இயல்பாகத் தேய்வது அரிது. தேய்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னணியில் ஒரு பழைய எலும்பு முறிவோ, அடிக்கடி பிசகித் தளர்ந்த தசைநாரோ இருக்கும். ஆகவேதான் இந்நோய் இன்னும் வேலையில் இருப்பவர்களை, நிறைய நடக்க வேண்டியவர்களைப் பிடிக்கிறது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குடியிருப்பில் ஒரு மூதாட்டி இரண்டு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டு நன்றாக நடமாடுவதைக் கண்டு, தமக்கும் வேளை வரும்போது மாற்றிவிடுவார்கள், அதுவரை தள்ளிப்போடலாம் என்று இருந்துவிட்டார். அந்த நான்கு ஆண்டுகளில் கணுக்கால் உட்புறமாகச் சாய்ந்து போயிற்று.

வலி உறக்கத்தைக் கெடுத்த பிறகு 'புதிய சிகிச்சை' தேடும் படலம் தொடங்கியது. முதலில் பி.ஆர்.பி. ஊசி: நோயாளியின் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவது. இரண்டு முறை போட்டுக்கொண்டார். சேமிப்பு கரைந்தது, வலி இருந்தபடியே இருந்தது. நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2021-இல் வெளிவந்தது. அதில் இந்த ஊசி வெறும் உப்புநீர் ஊசியைவிட மேலான பலன் தரவில்லை. இந்தச் செய்தியை ஊசிக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது நேர்மையன்று.

அடுத்தது ஸ்டெம் செல். "என்னங்க, ஒருதரம் போட்டுத்தான் பாத்துடலாமே" என்று மனைவி கேட்டபோது, மகள்தான் குறுக்கிட்டாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகளின்படி, சில இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை போன்றவற்றைத் தவிர ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம். ஆய்வில் சேர்த்துக்கொண்டு கட்டணமும் கேட்டால் அது எந்த வகை ஆய்வு, அப்பா, என்று அவள் கேட்டாள். அந்தத் தேடல் அத்தோடு நின்றது.

பாதம், கணுக்கால் மட்டும் பார்க்கும் அறுவை மருத்துவர் ஒருவர் கடைசியில் அமைந்தார். அவர் செய்த முதல் வேலை, நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது. அதுவரை எடுத்தவை யாவும் படுத்த நிலையில் எடுத்தவை. எடை தாங்காத காலில் சாய்வு சரியாகத் தெரியாது. பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு நடை, தரையில் குந்தி அமர வேண்டுமா, ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டு என்று கேள்விகளாகவே கேட்டார்.

வழிகள் இரண்டு. செயற்கை மூட்டு வைத்தால் அசைவு மிஞ்சும். ஆனால் முழங்காலில் போல அது நீண்டகாலம் உழைக்கும் என்று நம்ப முடியாது, சாய்ந்த காலில் வேலையும் கடினம். மற்றது ஃபியூஷன்: மிச்சமுள்ள குருத்தெலும்பைச் சுரண்டியெடுத்துவிட்டு, இரண்டு எலும்புகளையும் திருகாணியால் இறுக்கி ஒன்றாக வளரவிடுவது. பிரிட்டனில் 303 பேரை இவ்விரண்டுக்கும் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. ஓராண்டுக்குப் பின் இரு தரப்பாருமே நன்கு தேறியிருந்தனர். நடையிலும் நிற்பதிலும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஃபியூஷன் புதியதன்று, பல தலைமுறைப் பழமையுடையது. டச்சுக் கால்பந்து வீரர் மார்கோ வான் பாஸ்டன் 1988-இல் மியூனிக் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1993-இல் அதே மைதானத்தில் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். பல அறுவைகளுக்குப் பின்னும் கணுக்கால் தேறாமல் 1995-இல் 30 வயதில் ஓய்வை அறிவித்தார். அவருடைய வலிக்கும் பின்னாளில் இந்த இணைப்பே முடிவாயிற்று.

மூட்டை அசையாமல் ஆக்குவதா சிகிச்சை என்று ரயில்வேக்காரர் மனம் ஒப்பவில்லை. தாவி ஆடிய கால் அல்லவா? மருத்துவர் வாதாடவில்லை, கணுக்காலை அசையவிடாத, அடி வளைந்த கெட்டிக் காலணி ஒன்றைக் கொடுத்து மூன்று வாரம் வேலைக்குப் போய்வரச் சொன்னார். மூட்டு இணைந்தால் வாழ்க்கை ஏறத்தாழ எப்படியிருக்கும் என்பதற்கு அது ஒத்திகை. இறக்கத்தில் தடுமாறினார். குந்த முடியவில்லை. ஆனால் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், வண்டியின் கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பிய பிறகுதான் நடுவில் எங்கும் உட்காரவில்லை என்பதைக் கவனித்தார். பாதத்தின் மற்றச் சிறு மூட்டுகள் ஓரளவு வளைந்துகொடுப்பதால் நடை அவ்வளவாகக் கெடுவதில்லை. அம்மூட்டுகள் பல ஆண்டுகளில் தேயக்கூடும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

கரும்பிலும் மூங்கிலிலும் கணு என்பது வளையாத இடம் என்று மகள் சொன்னதற்கு அவர் சிரித்துக்கொண்டார். புகைப்பதை நிறுத்தினால்தான் எலும்பு கூடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னதால் அதை நிறுத்தி ஐந்து வாரமாகிறது. மூன்று மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். திரும்பியதும் முன்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் விண்ணப்பித்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து வீட்டின் பழைய கழிப்பறையை உடைத்து, மேற்கத்தியக் கோப்பை பதித்துவிட்டுப் போனார். சிமெண்ட் காய இரண்டு நாள் ஆகும் என்றார்.