‘நோட்டீஸ் ஒட்டியாச்சு’ என்றால் போதுமா?

“எங்க ஊர்ல கிராம சபை எப்போ நடந்ததுன்னே தெரியல. கேட்டா, நோட்டீஸ் ஒட்டியாச்சுன்னு சொல்றாங்க. என்ன செய்யலாம்?” என்று போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு விவசாயி கேட்டிருந்தார். ஆசிரியர் குழு சட்டப்படி பதில் சொல்லியிருந்தது. சரியான பதில்தான். ஆனால், புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் அஞ்சு வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவள் என்கிற முறையில், அந்தப் பதிலுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

2019 டிசம்பர் தேர்தலில் ஆளுக்கு நாலு சீட்டு கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. நாலாவது சீட்டுதான் வார்டு மெம்பருக்கு. நாலிலும் மதிப்பு குறைந்தது அதுதான் என்று ஊரில் எல்லோரும் நினைப்பார்கள். அது தப்பும் இல்லை. காசோலையில் கையெழுத்து தலைவரும் துணைத் தலைவரும் போடுவது. ஒப்பந்தம், பில் எல்லாம் ஒன்றிய அலுவலகத்தோடு போய்விடும். மெம்பருக்கு மிஞ்சுவது மன்றக் கூட்டத்தில் ஒரு நாற்காலி, கொஞ்சம் அமர்வுப்படி. அதுவும் சில மாதம் கூட்டம் நடக்காமலே தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், “இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா” என்று.

அப்படியானால் மெம்பர் எதற்கு என்று என் வீட்டுக்காரரே கேட்டார். எனக்கும் முதலில் பிடிபடவில்லை. 2020 ஜனவரியில் பதவி ஏற்றோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. ரேஷன் கடையில் 1,000 ரூபாய்க்கான டோக்கன், எந்தத் தெரு எந்த நாள் என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரத்தில்தான் எங்கள் வார்டில் எந்த வீட்டுக்குச் சேதி தானாக வந்து சேரும், எந்த வீட்டுக்கு வரவே வராது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மெயின் தெருவில் டீக்கடைக்கு எதிர்வீட்டுக்கு நாம் போவதற்கு முன்பே தெரிந்திருக்கும். கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் கொல்லையிலேயே வீடு கட்டியிருப்பவர்களுக்குத் தெரியாது. தனியாக இருக்கிற அப்பத்தாக்களுக்குத் தெரியாது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக வைக்கப்பட்ட காலனிக்கு எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் தெரியும். இதைத் தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன்.

முன்பெல்லாம் தண்டோரா இருந்தது. ஏலம், கண்மாய் மீன்பிடி, மடை திறப்பு, வரி கட்டக் கடைசி நாள் எல்லாம் தப்பு அடித்துத்தான் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஊரெல்லாம் நடந்து சேதி சொன்னவர் வாசலுக்கு வெளியே நின்று சொன்ன கதையும், கூலிக்காக அலைந்த கதையும் எங்களுக்குத் தெரியாததா? அவர் மகன் அந்தத் தப்பைத் தொடவில்லை, தொடவும் வேண்டாம். அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தார் ரோட்டோடு போகும். பாட்டுச் சத்தம், காற்று, நாய்க் குரைப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் “…ஆம் தேதி காலை… ஊராட்சி மன்ற… அனைவரும்…” என்று நாலு வார்த்தை காதில் விழும். எந்தத் தேதி என்று கேட்க ஆள் வெளியே வருவதற்குள் ஆட்டோ அடுத்த ஊரில் இருக்கும். தப்பு அடித்தவரை நிறுத்திக் கேட்க முடிந்தது. இதுதான் வித்தியாசம்.

அடுத்தது வாட்ஸ்அப். எங்கள் ஊராட்சிக்கும் ஒரு குழு இருக்கிறது. காலை வணக்கம், கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் வாழ்த்து, கட்சிக்காரர் படம் இவற்றுக்கு இடையில் ‘நாளை மின்தடை’ என்று ஒரு வரி வரும். என் வார்டில் பாதிப் பெண்களிடம் பட்டன் போன்தான். நல்ல போன் இருக்கிற வீட்டில் அது ஆம்பளை கையில் இருக்கும், அவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஊர்ச் சேதி அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் முகாம் முடிந்து மேசையை மடித்திருப்பார்கள். குழுவில் போட்டாலே சொன்னதாக ஆகிவிட்டது என்று நினைப்பதும், நோட்டீஸ் ஒட்டியாச்சு என்பதும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். நோட்டீஸ் எங்கே ஒட்டியிருந்தது? ஊராட்சி அலுவலகச் சுவரில், பூட்டிய கேட்டுக்கு உள்ளே.

சேதி தெரியாததால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர், பாகம் பிரித்த வயல், ஒரே வரப்பு. ஒரே நாளில் நட்ட சம்பா. அண்ணன் வீடு மெயின் தெருவில், தம்பி வீடு கொல்லையில். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில வருஷம் நீட்டிப்பார்கள். நீட்டித்ததும் ஒரு சேதிதான், அதுவும் ஊருக்குள் வராது. அண்ணன் காதில் விழுந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, சிட்டா, ஆதார், பாஸ்புக்கோடு போய்ப் பிரீமியம் கட்டினார். நெல்லுக்குச் சம்பா பட்டத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், மிச்சத்தை அரசுகள் கட்டுகின்றன. தம்பி கட்ட மாட்டேன் என்று இருந்தவர் இல்லை. அவருக்குத் தேதியே தெரியாது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அடித்த மழையில் இரண்டு வயலும் ஒன்றாகத்தான் சாய்ந்தன. நெல்லுக்கு வருவாய் கிராமத்தை ஒரு அலகாக வைத்து விளைச்சல் கணக்குப் பார்த்தார்கள். அண்ணன் கணக்கில் பணம் ஏறியது. தம்பி நகைக் கடனைத் திருப்பி வைத்தார், அதாவது வட்டி மட்டும் கட்டி மறுபடி அடகு வைத்தார். அவர் என் வார்டு இல்லை. அவருடைய மனைவி ஒரு நாள் குழாயடியில் என்னிடம், “எங்க வீட்டுக்கு மட்டும் சேதி நடந்து வராதாக்கா?” என்று கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இப்போது அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ‘தெரிந்தும் சொல்லவில்லையே’ என்று தம்பிக்கு வருத்தம், ‘அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தேன்’ என்று அண்ணனுக்குக் கோபம். நஷ்ட ஈடு கிடைக்காததைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

சேதி முந்தினவனுக்குத்தான் லாபம் என்பதற்கு இன்னொன்று. கண்மாய் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் நடைமுறையை எளிதாக்கினார்கள். வயலுக்கு வண்டல் அடிக்க நினைத்த விவசாயிக்கு இது பெரிய உதவி. எங்கள் பக்கம் அதை முதலில் தெரிந்துகொண்டவர்கள் டிப்பர் வைத்திருந்தவர்கள்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆள் கூடுகிற இடத்துக்குச் சேதியைக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் காலையும் மாலையும் தவறாமல் எல்லாத் தெருக்காரர்களும் வந்து நிற்கிற ஒரே இடம் பால் சொசைட்டி. கொல்லையில் வீடு கட்டியவரும் பால் ஊற்ற வருவார், காலனியிலிருந்தும் வருவார்கள். சொசைட்டிக்காரரிடம் கேட்டு, பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட ஒரு கரும்பலகையை அங்கே சாத்தி வைத்தேன். கோமாரித் தடுப்பூசி முகாம் என்றால் தேதி, இடம், நேரம், ‘நாலு மாதத்துக்கு மேற்பட்ட கன்றையும் ஓட்டி வரவும்’, இவ்வளவுதான் எழுதுவேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசி. காசு கிடையாது. ஆனாலும் முன்பு டாக்டர் வந்து காத்திருப்பார், மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும். பலகையில் முந்தின நாள் மாலையே எழுதிய பிறகு, காலையில் மாட்டை அவிழ்க்காமல் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஆள், தண்ணீர் தொட்டி மோட்டார் போடுகிற தம்பி. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று தினமும் வால்வைத் திருப்ப ஊரைச் சுற்றி வருகிறவர் அவர். ஊராட்சியில் உண்மையில் எல்லா வீட்டையும் தெரிந்தவர் தலைவர் இல்லை, அவர்தான். மோட்டார் எரிந்துபோனால் “ரெண்டு நாளைக்குத் தண்ணி வராது, பிடிச்சு வச்சுக்குங்க” என்று அவர் சொன்னால் சண்டை வராது. சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காருவார்கள். கெட்ட சேதியையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேதியை மட்டும் சொன்னால் பாதிச் சேதிதான். 2025-ம் வருஷம் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிவதற்கு ஊருக்கே வந்தார்கள். பட்டா, ஆதார் கொண்டு வரச் சொன்னார்கள். வந்து நின்ற பிறகுதான், ஆதாரில் பதிந்த போனுக்கு ஓடிபி வரும் என்று தெரிந்தது. அந்த போன் மகனிடம். மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருப்பார், எடுக்க மாட்டார். எண்பது வயது மாமா ஒருவர் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். முந்தின நாள், “மகனை பதினோரு மணிக்கு போனைக் கையில வச்சிருக்கச் சொல்லுங்க மாமா” என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் போதும்.

சொல்ல யாரும் இல்லை என்பதுதான் இப்போதைய சங்கதி. எங்கள் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்துவிட்டார். 2016-லிருந்து 2019 வரையும் இப்படித்தான் கிடந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். 2019 தேர்தலின்போது எங்கள் மாவட்டத்தில் 13 ஒன்றியம், 497 ஊராட்சி. வகுத்துப் பாருங்கள், ஓர் ஒன்றியத்துக்குச் சராசரி 38 ஊர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 38 ஊர்ப் பால் சொசைட்டி வாசலிலும் நிற்க முடியுமா? ஊராட்சிச் செயலர் ஒருவர்தான் மிச்சம், அவரையும் ஆன்லைன் வேலை தின்றுவிடுகிறது. ஆக, பதவி போன பிறகும் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். “நீங்கதானேக்கா மெம்பர்” என்கிறார்கள். இல்லை என்றால் நம்புவதில்லை.

கிராம சபை மட்டும் நடக்கிறது. முன்பு குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாலு நாள். 2022-லிருந்து மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் சேர்ந்து ஆறு நாள். கேள்வி கேட்ட விவசாயி அண்ணன் இந்த ஆறு தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளட்டும், நோட்டீஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கோரம். அந்த நூறு கையெழுத்தை நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் நோட்டைக் கொண்டுபோய் வாங்குவது எங்கள் பக்கம் புதிதில்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன், என்ன தீர்மானம் என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடந்தது என்று சொல்லப்படும் கூட்டத்தின் தீர்மான நகலும் வருகைப் பதிவும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய மனுவுக்குக் கிடைக்க வேண்டும், 30 நாளில்.

2025 ஆகஸ்ட் 15 கிராம சபையில் நாங்கள் பதினாறு பெண்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். பால் சொசைட்டி, ரேஷன் கடை, காலனி தொட்டியடி, கண்மாய்க் கரைப் பிள்ளையார் கோயில் என்று நாலு இடத்தில் ஊராட்சிச் செலவில் அறிவிப்புப் பலகை. எந்த முகாம் என்றாலும் மூன்று நாள் முன்பே, என்ன கொண்டு வர வேண்டும் என்பதையும் சேர்த்து அதில் எழுத வேண்டும். ஒலிபெருக்கி ஆட்டோ நின்று சொல்ல வேண்டும். “இதெல்லாம் தீர்மானமா போடுவாங்களா?” என்று ஒருவர் சிரித்தார். போட்டார்கள். எண் போட்ட நகலும் வாங்கி வைத்திருக்கிறேன். பலகை இன்னும் வரவில்லை. சொசைட்டியில் அந்தப் பழைய கரும்பலகைதான் இருக்கிறது, சுண்ணக்கட்டியைச் சொசைட்டிக்காரர் வாங்கித் தருகிறார். எழுதுவது இப்போது பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை. என்னைவிடக் கையெழுத்து நன்றாக இருக்கிறது.