மிஸ் அடிப்பாங்க என்று சொன்னவள் நான்

என் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் பயம் என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். அந்தப் பயத்தை ஊட்டியவள் நான்தான். சாப்பிட அடம்பிடித்தால், தூங்க மறுத்தால், எல்லாவற்றுக்கும் ஒரே மிரட்டல்: "இரு, ஸ்கூல்ல சேத்துவிடறேன். மிஸ் பிரம்பால வெளுத்துடுவாங்க." மூன்று வயதுப் பிள்ளை, அம்மா சொன்னதை அப்படியே நம்பினாள். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. தெரிந்திருந்தும், பார்த்தேயிராத ஓர் ஆசிரியை கையில் நானே பிரம்பைக் கொடுத்தேன்.

அதே வாயால்தான் அவளைப் பள்ளிக்குத் தயார் செய்தேன். அ முதல் ஃ வரை, ஏபிசிடி, நூறு வரை எண்கள், ரைம்ஸ். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒப்பிக்க வைத்தேன்.

எல்கேஜியில் சேர்ந்த புதிதில் ஒருநாள், நனைந்த யூனிஃபார்மைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொடுத்தார் ஆயா. "பாப்பா வாயத் திறந்து கேக்கவே மாட்டேங்குதும்மா. மிஸ்ஸப் பாத்தாலே மிரளுது." இரவில் மெதுவாகக் கேட்டேன். "கேட்டா மிஸ் அடிப்பாங்கல்ல?" என்றாள். நூறு வரை எண்ணத் தெரிந்தவளுக்கு, "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று சொல்லத் தைரியமில்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கவும் நான் பழக்கவில்லை. பல நாள் சோறு அப்படியே திரும்பி வந்தது.

அதோடு திருந்தியிருக்க வேண்டும். மிஸ் இருந்த இடத்தில் பரீட்சையை வைத்தேன், அவ்வளவுதான். ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் தமிழக அரசு அறிவித்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. கைடு வாங்கினேன், டிவியை நிறுத்தினேன், விடிவதற்கு முன் எழுப்பினேன். முதல் மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் ஃபெயிலாக்க மாட்டோம் என்று அரசே சொல்லியிருந்தது. அதை மட்டும் அவளிடம் மறைத்தேன். "ஃபெயிலானா உன் ஃபிரண்ட்ஸெல்லாம் ஆறாவது போயிடுவாங்க, நீ மட்டும் இங்கேயே கிட" என்றேன். காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்வாள். நடிக்கிறாள் என்று அதற்கும் திட்டினேன்.

2020 பிப்ரவரியில் அந்தத் தேர்வை அரசு கைவிட்டது. செய்தியைச் சொன்னேன். பிள்ளை துள்ளிக் குதிக்கவில்லை. "அப்ப நான் ஆறாவது போவேனாம்மா?" என்றுதான் கேட்டாள். பிறகு வயிற்றுவலி வரவில்லை.

அவள் நன்மைக்காகத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நாத்தனார் பிள்ளை என்ன மார்க், எதிர்வீட்டுப் பையன் என்ன ரேங்க் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் கௌரவத்தை அவள் தலையில் ஏற்றினேன். இன்று மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். ஆனால் மார்க் குறைந்தால் அப்பா வரும்வரை காத்திருந்து அவரிடம்தான் சொல்கிறாள். என்னிடம் சொல்வதில்லை.

வரும் ஜூனில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப்போகும் தாய்மார்களே, எழுத்தும் எண்ணும் அங்கே போய்க் கற்றுக்கொள்ளும். டிபன் மூடியைத் திறக்கப் பழக்குங்கள். பாத்ரூம் போகணும் என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். "மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள்.