ராடு வைத்த கரண்ட் எஞ்சின்

ஸ்டேஷனில் நிற்கும்போது என் கண் முதலில் போவது சக்கரங்களுக்குத்தான். கரி எஞ்சின் காலத்தில் அங்கே பார்க்க நிறைய இருந்தது. ராடு ஏறி இறங்குவதைப் பார்த்தாலே எந்த விசை எங்கே போகிறது என்று சின்னப் பையனுக்கும் புரிந்துவிடும். இன்றைய கரண்ட் எஞ்சினில் எல்லாம் அடியில் மறைந்துவிட்டது. ஹங்கேரியின் வி40 எஞ்சின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். கூரையில் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப், கீழே கரி எஞ்சினைப் போலவே பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரங்கள், அவற்றைக் கோத்தபடி ராடு.

பழக்கதோஷம் என்று தள்ளிவிடலாம். காரணம் அதுவல்ல. எக்ஸ்பிரஸ் வண்டியை இழுக்கும் சக்தியுள்ள ஏசி மோட்டார், சக்கரங்களுக்கு நடுவே அடங்குகிற அளவில் அன்று கிடைக்கவில்லை. பிரம்மாண்டமான ஒரே மோட்டாரை மேலே ஏற்றி வைத்து, அதன் சுழற்சியை ராடு வழியாகக் கீழே இறக்கினார்கள்.

தையல் மெஷின் மிதித்தவர்களுக்குத் தெரியும்: மிதிபலகை ஓரிடத்தில் முரண்டு பிடிக்கும், கையால் சக்கரத்தைத் தட்டிவிட வேண்டும். ராடுக்கும் அதே வியாதி. ஆகவே இடப்பக்க ராடையும் வலப்பக்க ராடையும் கால் சுற்று தள்ளிப் பொருத்துவார்கள். ஒன்று முடங்குகிற இடத்தில் மற்றது முழுப் பலத்தோடு தள்ளும். அதோடும் தொல்லை தீரவில்லை. மோட்டார் சீராகத்தான் சுற்றுகிறது. சுமையோ ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கத்து ராடுக்கும் அந்தப் பக்கத்து ராடுக்குமாக மாறிக்கொண்டே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1913இல் திறந்த லோட்ச்பெர்க் மலைப்பாதையின் எஞ்சின்களைச் சில வேகங்களில் இது உலுக்கி எடுத்தது. பிஸ்டனே இல்லாத வண்டி ஏன் குலுங்குகிறது என்று பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

வி40ஐ உருவாக்கிய கால்மான் காண்டோ, 1902இல் இத்தாலியின் வால்டெல்லினா பாதையில் த்ரீ ஃபேஸ் ரயில் ஓட வழி செய்தவர். த்ரீ ஃபேஸ் மோட்டார் நல்ல உழைப்பாளி; கம்யூடேட்டரில் பொறி பறக்கும் தொல்லை கிடையாது. ஆனால் தலைக்கு மேல் இரண்டு கம்பி வேண்டும். லைன் பிரிகிற இடமெல்லாம் அது தலைவலி. ஒற்றைக் கம்பியில் கம்யூடேட்டர் மோட்டாரையே ஓட்ட, ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ரயிலுக்கென்றே 16⅔ ஹெர்ட்ஸில் தனி மின்சாரம் வைத்துக்கொண்டன. காண்டோ வேறு வழி போனார். மேலே ஒற்றைக் கம்பி. அதில் ஊருக்கெல்லாம் வருகிற அதே 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் ஃபேஸ். எஞ்சினுக்குள் சுழலும் கனத்த இயந்திரம் ஒன்று அதைப் பல ஃபேஸாக மாற்றித் தரும். 1932இல் புடாபெஸ்ட்டிலிருந்து மேற்கே 16,000 வோல்ட்டில் வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் ஜனவரியிலேயே காண்டோ காலமாகியிருந்தார்.

மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸோடு கட்டுண்டிருந்ததால், ஓட்டுநருக்கு நிலையாக ஓட்ட நான்கே வேகம்: மணிக்கு 25, 50, 75, 100 கிலோமீட்டர். லேட்டாகிவிட்டதே, 110இல் விரட்டலாம் என்றால் மோட்டார் மசியாது.

நம் ஊர்ப் பக்கம் தாம்பரம்–விழுப்புரம் பாதைக்கு 1960களில் 50 ஹெர்ட்ஸ் வந்தது. இன்று எக்ஸ்பிரஸ்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 எஞ்சினும் ஒற்றைக் கம்பியிலிருந்து சிங்கிள் ஃபேஸை எடுத்து, உள்ளேயே த்ரீ ஃபேஸாக மாற்றித்தான் ஓடுகிறது. சுழலும் இயந்திரத்தின் வேலையைச் செமிகண்டக்டர் செய்கிறது; ஹெர்ட்ஸையும் வேண்டியபடி மாற்றித் தருகிறது. அதனால் வேகத்துக்கு நான்கு படி என்ற கட்டும் இல்லை. மோட்டார் சிறுத்து, அச்சுக்கு ஒன்றாகக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. காண்டோவின் யோசனையில் குறையில்லை. அதற்கேற்ற சாமான்தான் அன்று கடையில் இல்லை. அது வந்து சேரும்வரை வண்டியை ஓட்டிக்கொடுத்தது, கரி எஞ்சினிடமிருந்து வாங்கிய அந்தப் பழைய ராடு.