மண்ணுக்கு மார்ச் 31 கிடையாது

படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. மண்ணைப் பற்றி எழுத இவனுக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையில் பிறந்து வளர்ந்தவன் அட்டப்பாடி பற்றி நாலு வார்த்தை சொல்லலாம், இல்லையா? (துபாயில் மண் என்று நான் பார்ப்பதெல்லாம் பால்கனித் தொட்டியில்தான்!)

கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் மலை. அவர்களுடைய பழைய விவசாயத்தில் ராகி, சாமை, தினை, துவரை, அவரை, கீரை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து நிற்கும். பார்க்க ஒழுங்கில்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் அறுவடைக்கு வரும். ஒன்று போனாலும் இன்னொன்று சோறு போடும்.

மண்ணுக்கடியில் நடப்பது இன்னும் சுவாரசியம். செடி, தான் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசிய விடுகிறது. அதைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சையும் பிழைக்கின்றன. எங்கள் பாஷையில் டெபாசிட்! ஒவ்வொரு செடியின் கசிவும் ஒவ்வொரு விதம் என்பதால், பல செடி இருந்தால் பலவித உயிர்களுக்குச் சாப்பாடு. பதிலுக்கு, துவரையின் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. ஆழமாக இறங்கும் துவரை வேர், அடியிலுள்ள ஈரத்தை மேலே கொண்டுவந்து ராத்திரியில் கசிய விட, பக்கத்து ராகிக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. கொல்லிமலையிலும் பெங்களூரிலும் இந்த ஜோடியைப் பயிரிட்டே ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் யேனா நகரத்தில் 2002ல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். ஒரே வகைச் செடி முதல் 60 வகை வரை தனித்தனிப் பாத்திகள். வகை கூடக் கூட மண்ணில் நுண்ணுயிரும் கூடியது, கார்பன் சேமிப்பும் கூடியது. ஆனால் நுண்ணுயிர் வித்தியாசம் முதல் வருஷமே தெரியவில்லை. சில வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் எனக்குள் இருக்கும் வங்கிக்காரன் விழித்துக்கொண்டான். பயிர்க்கடனுக்கு என்ன கேட்கிறோம்? என்ன பயிர், எத்தனை ஏக்கர். ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கு. வாழை என்றால் எழுதுவது சுலபம். ஆறேழு பயிர் கலந்த நிலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மார்ச் 31ல் கணக்கை முடிக்க மண்ணுக்குத் தெரியாது. அதன் வட்டி வருஷங்கள் கழித்து வருகிறது. மொத்தக் கடனையும் ஒரே தொழிலில் கொட்டாதே என்று பாடம் எடுப்பதும் இதே வங்கிகள்தான் என்பது வேடிக்கை!

அட்டப்பாடியில் நிலம் கைமாறியது, கலப்பு விவசாயம் சுருங்கியது, தட்டில் சிறுதானியம் இருந்த இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது. 2013ல் அங்கே ஊட்டச்சத்துக் குறைவோடு சேர்த்துப் பேசப்பட்ட குழந்தை மரணங்கள் நாட்டையே உலுக்கின. காரணங்கள் பல; மறைந்துபோன அந்தக் கலப்பு நிலமும் அதில் ஒன்று. பிறகு கேரள அரசு சிறுதானிய கிராமத் திட்டம் கொண்டுவந்தது. 2022ல் அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் பேர் கிடைத்ததே என்று துவரையை மட்டும் ஏக்கர் கணக்கில் போட்டால் மண் மறுபடி பட்டினிதான்.

நம்மில் பலர் ஊர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த தடவை போனில் "இந்த வருஷம் எவ்வளவு வந்தது?" என்று கேட்கும்போது, "என்னென்ன போட்டிருக்கீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.