அழியா எழுத்து

(பழைய மாணவர் ஒருவர்)

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பழைய ஆசிரியர்களைப் பற்றியோ விடுதி வாழ்க்கையைப் பற்றியோ யான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் பச்சை குத்துதல். இந்துக் கல்லூரி மலரில் இதற்கென்ன இடம் என வினவுவோரும் இருப்பர். கல்லூரியை விட்டு நீங்கிய நம்மவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். அவர்களுட் பலர் தோளிலும் கையிலும் எதையேனும் எழுதுவித்துக்கொள்ள விழைகின்றனர். தந்தையர் சினக்கின்றனர்; தாயர் கண்ணீர் விடுகின்றனர். குத்தலாமா, ஆகாதா என்னும் வழக்கே வீடுகளில் நிகழ்கின்றது. நல்ல பச்சை எது, பொருளுடைய பச்சை எது என்னும் வினாவை எழுப்புவார் அரியர். அவ்வினாவை ஈண்டு எழுப்பிப் பார்க்க விரும்புகின்றேன்.

பச்சை என்னும் பெயரே ஆராயத்தக்கது. மை கரியது, தோலினுள் நிற்குங்கால் நீலப்பச்சையாகத் தோன்றுகின்றது. கரித்துகள் தங்குமிடம் மேற்றோல் அன்று. அதன் கீழுள்ள உட்டோல். மேலுள்ள தோல் ஒளியைச் சிதறச் செய்தலால் கருமை நம் கண்ணுக்கு நிறம் மாறித் தெரிகின்றது. சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தேர்ஸ்டன், தென்னிந்திய இனவியற் குறிப்புகளாக 1906இல் வெளியிட்ட நூலில் இந்த மையைச் செய்யும் முறையை விரித்துரைத்துள்ளார். மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் இட்டுத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றுவர். விளக்கின்மேற் புதுச்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியின் உட்புறத்திற் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலேனும் நீரிலேனும் குழைப்பர். ஊர் ஊராகச் சென்று அந்த மையை ஊசியாற் குத்தியவர் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிர்.

கடல் கடந்து நம் மலைநாட்டுக்கும் இவ்வழக்கம் வந்தது. 1971ஆம் ஆண்டு தொடக்கம் மூன்றாண்டு காலம் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் யான் ஆசிரியனாயிருந்தேன். அங்குக் கொழுந்து பறித்த முதிய பெண்டிர் பலரின் முன்கைகளிற் கோலங்களும் பெயர்களும் பச்சையாய்த் துலங்கின. பாடசாலைக்கு அயலிலிருந்த லயத்தில் எழுபதைக் கடந்த கிழவி ஒருத்தி வாழ்ந்தாள். தன் கையிலிருந்த கோலம் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூரில், தான் சிறுமியாயிருந்தபோது குத்தப்பட்டது என்றும், தாய் அருகிருந்து கையைப் பற்றிக்கொண்டாள் என்றும், குத்தியவளுக்கு ஒரு படி நெல்லும் பழஞ்சேலையும் கூலியாகக் கொடுத்தனர் என்றும் எனக்குக் கூறினாள். "வாத்தியாரையா, தோட்ட வச்சு அடகுல போச்சு, மூக்குத்திய வித்தாச்சு. இத எவன் அடகுக்கு வாங்குவான்? போறப்ப கூட வர்றது இது ஒன்னுதான்" என்றாள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுள் அவளும் ஒருத்தி. இந்நாட்டிலேனும் அந்நாட்டிலேனும் அவள் பிறந்ததற்குச் சான்றிதழ் இல்லை. தன் ஊரிலிருந்து அவள் கொணர்ந்தவற்றுள் எஞ்சியிருந்தது அக்கோலம் ஒன்றே.

இனி, இதே மை இழிவு செய்தற்கும் பயன்பட்டமையை நோக்குவோம். வங்காள மாகாணத்தில் ஆயுட்சிறை பெற்றோரின் நெற்றியிற் குற்றத்தின் பெயரைக் குத்துமாறு கிழக்கிந்தியக் கும்பினியார் 1797இற் சட்டமியற்றினர். அக்கொடுமை 1849இலேதான் ஒழிந்தது. அதன் பின்னர் நூறாண்டு செல்லுமுன்னரே, நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில், 1941 முதலாகச் சிறைப்பட்டோரின் உடம்பில் எண்கள் குத்தப்பட்டன. பெயரைப் பறித்து எண்ணைக் கொடுத்தனர்.

இவற்றுக்கு எதிராக மற்றொன்று கூறுவேன். இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் இராமநாமிகள் எனப்படும் சமூகத்தார் வாழ்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்தம் முன்னோர் தாழ்ந்த குலத்தார் எனக் கோயில்களிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அடைத்த கதவின் புறத்தே நின்ற அம்மக்கள் இராமநாமத்தைத் தம் உடம்பிற் குத்திக்கொண்டனர். சிலர் நெற்றியும் முகமும் கண்ணிமையும் ஒழியாது குத்திக்கொண்டனர். இனி எவர் எக்கதவை அடைப்பினும் இறைவன் திருநாமத்தை அவரிடமிருந்து பிரித்தல் இயலாது. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றிலும் அத்தகைய கதவுகள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தமையை நாம் மறத்தலாகாது.

வங்கத்துச் சிறையாளியின் நெற்றியில் இருந்ததும் எழுத்து. இராமநாமியின் நெற்றியில் இருப்பதும் எழுத்து. முன்னையதைப் பிறர் திணித்தனர். பின்னையதைத் தாமே விரும்பி ஏற்றனர். ஆதலின் பச்சையின் பொருள் உருவத்திலிருந்து பிறப்பதன்று. ஏற்பவர் மனத்திலிருந்து பிறப்பது என்க. மலைநாட்டுக் கிழவியைச் சிறுமியாயிருந்தபோது எவர் கேட்டனர் எனலாம். கேட்டாரில்லை. ஆயினும் அறுபதாண்டு கழித்து, தன்னுடையது இது ஒன்றே என அவள் கூறியபோது, அது அவளுடையதாகவே ஆகிவிட்டது.

நிற்க. மனம் ஒன்று மட்டும் போதுமா? போதாது என எனக்கு உணர்த்தியவர் சமோவா நாட்டவர். 1988இல் யான் நியூசிலாந்து சென்று, ஒக்லாந்து நகரின் தென்பகுதியில் ஒரு பாடசாலையிற் கணிதம் கற்பித்தேன். அங்கு என்னுடன் பணியாற்றிய சமோவ ஆசிரியர் ஒருவர் இடைமுதல் முழங்கால்வரை 'பெயா' என்னும் பச்சை உடையவர். குக் என்னும் மாலுமி 1769இல் தாகித்தித் தீவுக்குச் சென்றபின் ஆங்கிலத்திற் புகுந்த 'டாட்டூ' என்னும் சொல், பசிபிக் தீவுகளில் வழங்கும் 'டடாவு' என்பதன் திரிபு. 1830இற் பாதிரிமார் வந்திறங்கிக் கண்டித்த பின்னரும் சமோவாவில் இக்கலை அறுபடவில்லை.

அவர்தம் பழங்கதை சுவையானது. இரு சகோதரியர் பீஜித் தீவிலிருந்து பச்சை குத்தும் கருவிகளைக் கொணர்ந்தனராம். 'பெண்டிர்க்குக் குத்துக, ஆடவர்க்கு வேண்டா' என்பது அவர்கள் பாடிவந்த பாட்டு. இடைவழியில் ஒரு சிப்பியை எடுக்கக் கடலுள் மூழ்கி எழுந்தபோது பாட்டுத் தலைகீழாகிவிட்டது. ஆடவர் அவ்வளவு நோவைச் சுமப்பதற்கு அதுவே காரணம் என்று கூறி நண்பர் நகைப்பார்.

அக்குறியை இடுவோர் குலமுறையாகப் பயின்ற வல்லுநர். பன்றிக்கொம்பாற் செய்த சீப்புப் போன்ற கருவியை மையில் தோய்த்துத் தோலில் வைத்துச் சிறுகோலால் தட்டுவர். உதவியாளர் தோலை இழுத்துப் பிடித்துக் குருதியைத் துடைப்பர். சுற்றத்தார் அருகிருந்து பாடுவர். தனித்து ஒருவன் இதனை ஏற்பது வழக்கமன்று. துணைவன் ஒருவனும் உடன் ஏற்பான். பல நாள் நிகழும் அவ்வினையை நோவுக்கு அஞ்சி இடையில் விட்டவனது குறி, முற்றாத குறியாக ஆயுள் முழுதும் அவனுக்கு நாணம் தரும். முற்றியபின், குடும்பத்துக்கும் தலைவர்க்கும் பணிசெய்யத் தகுதியுடையவன் என ஊரார் அவனை மதிப்பர். "இஃது எனக்கு அணி அன்று, யான் செய்யவேண்டிய பணியின் நினைவு" என்று நண்பர் ஒருமுறை கூறினார். குத்துபவர் யார், உடனிருப்பவர் யார், அதன்பின் செய்யக் கடவது யாது என்னும் மூன்றும் அவர்க்குக் குறியின் உறுப்புகளேயாம்.

1891இல் நியூயோர்க் நகரத்துச் சாமுவேல் ஓ'ரைலி, எடிசனின் மின்பேனாவைத் தழுவிப் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். நாட்கணக்கில் நிகழ்ந்த வினை மணிக்கணக்கிற் சுருங்கியது. கடைச் சுவரிலுள்ள படத்தைச் சுட்டிக் காட்டிப் பணம் கொடுத்து வாங்குதல் எளிதாயிற்று. கடைத்தொழிலை யான் இகழ்கின்றேனல்லேன். நல்ல கைகாரர் அங்கும் உளர். ஊசி ஆழம் குறைந்தாற் குறி உதிரும். மிகுந்தால் மை பரவும். நெருங்கிய நுண்கோடுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கலக்கும். இவற்றை அறிந்து அளவிடுபவரே நல்ல தொழிலாளர்; 'இதனை இவ்வளவு சிறிதாகக் குத்தேன்' என மறுக்கவும் அவர் அறிவார்.

ஏற்பவரும் இடுபவரும் போலக் காண்பவரும் ஒரு பங்குடையர். நியூசிலாந்து மவோரி மக்களின் முகக்குறியாகிய 'மோக்கோ' அவரவர் குலவரலாற்றைக் கூறுவது. 1840இல் வைத்தாங்கி உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட தலைவருட் சிலர், பெயருக்குப் பதிலாகத் தம் முகக்குறியின் ஒரு பகுதியையே வரைந்தனர். அக்குலத்தவரல்லாதார் அதனை அணிதல் பிறர் கையொப்பத்தைத் தான் இடுதல் போலாம். ஆகவே, குலவரலாறு கூறாத பொதுக்கோலத்தை அவர்கள் 'கிரிதுகி' என வேறு பெயரிட்டு வழங்குகின்றனர். நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தாமரைமேல் வீற்றிருக்கும் புத்தர் உருவத்தைத் தோளிற் குத்தியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் 2014இற் கட்டுநாயக்காவிற் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவர் பக்தியால் அணிந்ததைப் பார்த்தோர் நிந்தனையாகக் கொண்டனர். அவரின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 8 இலட்சம் ரூபா வழங்குமாறு பணித்தது. நீதி அவர் பக்கம் நின்றது. ஆயினும், உடம்பில் எழுதியதைப் பிறரும் வாசிப்பர் என்பதும், வாசிப்போர்க்கு விடை கூற வேண்டிவரும் என்பதும் அதனாற் பெறப்படும்.

இனி என் வீட்டுக்கு வருகின்றேன். என் மகளின் மகன் ஒக்லாந்திற் பிறந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்க அறியான். அவனை வளர்த்தவள் என் மனைவி. அவள் காலமான மறு ஆண்டு, அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது, பழைய பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்றுடன் என்னிடம் வந்தான். அதன் அடியில் அவள் கையெழுத்தில் 'அம்மம்மா' என்றிருந்தது. "அம்மப்பா, இதை அப்பிடியே என்ரை கையிலை குத்தப்போறன். எழுத்துச் சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றான். செய்தியறிந்த என் மகள் இரண்டு நாள் அவனுடன் பேசவில்லை.

அவன் மனத்தில் ஐயமில்லை. கையெழுத்தும் அன்புடையாளின் கையெழுத்தே. ஆயினும் ஒரு குறை கண்டேன். தன்னால் வாசிக்க இயலாத எழுத்தை ஒருவன் ஆயுள் முழுதும் எங்ஙனம் சுமப்பான்? அதன் பொருளை வினவுவோர்க்கு யாது விடை கூறுவான்? "சரியோ பிழையோ எண்டு நீயே சொல்லக்கூடிய நாளிலை குத்து, தம்பி" என்றேன். அவன் சினந்து செல்வான் என எண்ணினேன். அடுத்த ஞாயிறு அரிச்சுவடி கேட்டு வந்தான். எட்டு மாதம் வந்தான். அவள் எழுதிய பதினெட்டு அட்டைகளையும் எழுத்துக்கூட்டி வாசித்தான். அவன் பத்தாவது பிறந்தநாளுக்கு எழுதியதில், இதனை ஒருநாள் நீயே வாசிப்பாய் என அவள் எழுதியிருந்ததை அன்றுதான் நாங்கள் இருவரும் கண்டோம். அவன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வாளாவிருந்தான். யானும் பேசவில்லை.

அதன் பின்னர் அவனுடன் கடைக்குச் சென்றேன். மகரத்தின் வளைவுகள் காலப்போக்கில் மங்காதிருத்தற்கு எழுத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டுமெனத் தொழிலாளர் கூறினார். நல்ல கைகாரர் என அறிந்தேன். ஆனால், அவர் எடுத்த படியில் இரண்டாவது மகரமெய்யின் புள்ளி இல்லை. பழைய அட்டையிற் படிந்த அழுக்கென எண்ணி நீக்கியிருந்தார். யான் வாய்திறக்குமுன் பையன் சுட்டிக்காட்டி, அஃது அழுக்கன்று, எழுத்து என்று ஆங்கிலத்தில் விளக்கினான். அந்தப் புள்ளியைத் தானே அறிந்து கேட்டு இடுவித்துக்கொண்டான். என் மகளுக்கு இன்றும் இதில் முழுச் சம்மதம் இல்லை. அவளுக்கு யான் மறுமொழி கூறுவதுமில்லை. ஒரு சொல்லுக்காகத் தொடங்கியவன் இன்று என்னுடன் தமிழில் மடல் எழுதுகின்றான் என்பதை மட்டும் ஈண்டுக் குறிக்கின்றேன்.

மாணவத் தம்பியர்க்கு ஒரு சொல். பச்சை குத்தாமையால் எவர்க்கும் குறைவில்லை. நாள்தோறும் நீராடித் திருநீறு அணிபவன் நாள்தோறும் புதிதாக ஒப்புக்கொடுக்கின்றான். அதுவும் ஒரு சிறப்பே. குத்த விழைவோர் இவற்றைத் தம்மை வினவுக: இதனை யானே விரும்புகின்றேனா? இது யாருடையது, எனக்கு இதில் உரிமை உண்டா? குத்துங் கை நல்ல கையா? முதுமையிற் பிறர் கேட்பின் நாணமின்றி விடை கூறுவேனா? நான்குக்கும் விடை கிடைக்குமாயின் அது நல்ல பச்சையே. கிடையாதாயின் எட்டு மாதம் பொறுத்திருத்தலில் நட்டமில்லை.

உட்டோலிற் புகுந்த மை ஏன் அழிவதில்லை என்பதைப் பிரான்சு நாட்டு மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிற் சோதித்து 2018இல் வெளியிட்டனர். துகள்களை விழுங்கும் கலங்கள் மையைத் தம்முட் கொண்டு நிற்கின்றன. அக்கலங்கள் நிலையானவையல்ல, அவை மடியும்போது மை வெளிப்படுகின்றது. புதிதாக வந்த கலங்கள் அதனை அவ்விடத்திலேயே ஏற்றுக்கொள்கின்றன. தாங்குவோர் மாறியும் குறி மாறாது நிற்றற்கு அதுவே காரணம். இதனை வாசித்தபொழுது எனக்கு நம் கல்லூரி நினைவு வந்தது. எனக்குக் கற்பித்தவருள் இன்று இருப்பவர் எவருமிலர். என் வகுப்பினரும் ஒவ்வொருவராய்க் குறைகின்றோம். அவர்களிடம் யாம் பெற்றதை ஏற்றுக்கொள்ள இளையோர் வந்துகொண்டே இருக்கின்றனர். கல்லூரி வாழ்க.