உப்பும் கற்கண்டும்

படிகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஸ்படிக மாலை. அதை விட்டால் நகைக்கடை வைரம். அடுக்களையில் உப்பு மரவைக்குள் கிடப்பதும் படிகமே என்று யாரேனும் சொன்னால் தலையசைப்போம், மனம் ஒப்பாது. கிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை பெரிய பெயரா என்று தோன்றும். சொற்களும் நமக்குத் துணை வருவதில்லை. வடமொழி ஸ்படிகம் தமிழில் படிகமாயிற்று. பழம்பாடல்களில் தெளிந்த கல்லைக் குறித்த பளிங்கு, இன்று தரையில் பதிக்கும் கல்லாகிவிட்டது. இரண்டு சொற்களும் தெளிவையே சுட்டுகின்றன. ஆனால் அறிவியல் தெளிவைப் பொருட்படுத்துவதில்லை. உள்ளே ஒழுங்கு இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. கண்ணாடி டம்ளர் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் படிகமன்று. அதனுள் அணுக்கள் தேரோட்டத்துக் கூட்டம்போல நெருங்கி நிற்கின்றன, வரிசை இல்லை. அழுக்கேறிய கல்லுப்பு படிகம்தான்.

தமிழ் படித்துத் தமிழையே கற்பிக்கும் நமக்கு இந்த வேறுபாடு விளங்கியது மார்கழிக் கோலத்தால். நேர்ப்புள்ளியில் ஒரு வரிசைக்கு நேர் கீழே அடுத்த வரிசை. ஊடுபுள்ளியில் மேல்வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே கீழ்வரிசைப் புள்ளி. எந்தக் கணக்கானாலும் ஒரு மூலையைப் பார்த்துவிட்டால் தெரு முழுவதற்கும் புள்ளியை நீட்டிக்கொண்டே போகலாம். படிகம் என்பது இந்தப் புள்ளிக் கணக்கு முப்பரிமாணத்தில் நீள்வது, அவ்வளவே. இவ்வாறு புள்ளி வைக்க மொத்தம் 14 வழிகளே உண்டு என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் பிராவே நிறுவினார். புள்ளிகளைக் கண்ணால் கண்டவர் அன்று எவருமில்லை. 1912இல் ஜெர்மனியில் லாவேயும் அவருடன் இணைந்து உழைத்தவர்களும் ஊடுகதிரைப் படிகத்தினூடே செலுத்திப் புள்ளித் தடங்களைப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பிராக் தந்தையும் மகனும் அந்த முறையை வளர்த்தார்கள். முதலில் உள்ளமைப்பு வெளிப்பட்ட பொருள்களுள் ஒன்று, நம் சாப்பாட்டு உப்பு. சோடியமும் குளோரினும் சதுரங்கக் கட்டங்கள்போல மாறிமாறி அமர்ந்திருந்தன. இன்ன சோடியத்துக்கு இன்ன குளோரின் என்ற இணையே அங்கில்லை. ஒவ்வொன்றையும் சூழ ஆறு எதிர்வகை. இணை இல்லாத உப்பை ஏற்க மனமில்லாமல் ஆம்ஸ்ட்ராங் என்ற முதிய வேதியியலார் 1927இல்கூடச் சதுரங்கப் பலகையைக் கடிந்து எழுதினார்.

நம் ஆற்றின் முடிவில் இந்தப் பாடத்தை நேரில் காணலாம். தாமிரபரணி புன்னைக்காயலருகே கடலில் சேர்கிறது. அதன் வடக்கே தூத்துக்குடிப் பக்கமும் தெற்கே ஆறுமுகநேரிப் பக்கமும் உப்பளங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை அனைத்தும் சமையல் உப்பு அல்ல. வெயிலில் நீர் வற்ற வற்ற, ஜிப்சம் முந்திக்கொண்டு படிந்துவிடும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் பாத்தியில் உப்பு கட்டத் தொடங்கும். முழுவதும் வற்றவிடக் கூடாது. விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட்டு வாருபலகையால் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். கண்ணைக் கூசும் வெண்மையில், காலை அரிக்கும் நீரில் நின்று அதைச் செய்பவர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதியது 1979இல். உப்புப் படிகத்துக்கு மணி என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல்லை நாம் இன்னும் கண்டதில்லை.

உப்பு விரைவில் விளைவது. கற்கண்டு அப்படியன்று. உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துப் பனையேறிக் குடும்பங்களிலிருந்து நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டால், நூலில் இல்லாத வேதியியலைச் சொல்வார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் என்பது எல்லோரும் அறிந்தது. லேசாகப் புளித்தாலும் கற்கண்டு கட்டாது என்பது அவர்கள் அறிந்தது. காரணம் எளிது: புளிப்பில் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது, உடைந்தவை வரிசையில் இடம் பிடிக்க முந்தி, உடையாதவற்றைச் சேரவிடாமல் தடுக்கும். ஜாமூன் பாகு பூத்துப்போகாதிருக்க வீட்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது இதே தடையை வேண்டுமென்றே உண்டாக்குவது. நம்மூர் அல்வாவும் படிகத்துக்கு எதிரான ஒரு வித்தைதான். கோதுமைப்பாலின் மாவுப்பசை சீனியை ஒன்றுகூடவிடாமல் பிரித்து வைக்கிறது. அல்வா நாவில் நறநறத்தால் செய்தவருக்கு வெட்கக்கேடு.

விடிலியில் காய்ச்சிய பாகை மேலும் இறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் அன்றே கருப்பட்டி. முன்னதாகவே இறக்கி, வடிகட்டி, நூல் கட்டிய கலத்தில் ஊற்றி, அசைக்காமல் ஒன்றரை மாதம்வரை வைத்திருந்தால் நூலைப் பற்றிக் கற்கண்டு விளையும். இரண்டுக்கும் தாய் ஒரே பதநீர். அவசரத்தில் பிறந்தது பொடிப்பொடியான படிகங்களோடு மற்ற எல்லாவற்றையும் உள்ளே இழுத்து இறுகிவிட்டது. நிதானத்தில் பிறந்தது ஒவ்வொரு சுக்ரோஸாக எடுத்து அடுக்கிக்கொண்டு, மற்றதைப் பாகிலேயே விட்டுவிட்டது. கைவில்லையில் பார்த்தால் உப்பின் மூலைகள் செங்கோணமாக இருக்கும். கற்கண்டின் மூலைகள் சற்றே சாய்ந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு கசப்பான உண்மை கிடைக்கிறது. பனங்கற்கண்டில் இரும்பு, சுண்ணாம்புச் சத்து என்று பட்டியலிடுகிறோம். பாடகர்களும் நம்மைப்போல் தொண்டையால் பிழைக்கும் ஆசிரியர்களும் அதை மருந்தாகவே வாயில் அடக்கிக்கொள்கிறோம். ஆனால் படிகம் கட்டுவது என்றாலே அந்தச் சத்துகளை விலக்குவதுதான். நல்ல கற்கண்டு பெரும்பாலும் சுக்ரோஸ். பழுப்பு நிறமும் மணமும் இடுக்குகளில் சிக்கிய பாகினுடையவை. பதநீரின் சத்து வேண்டுவோர் கருப்பட்டியையே தேட வேண்டும், அதுவும் சீனி கலக்காததை. கரும்புச் சீனியும் பனைச் சீனியும் ஒரே மூலக்கூறாதலால் படிகத்தைப் பார்த்துக் கலப்படத்தைச் சொல்ல இயலாது. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியைச் சேர்க்கும் வழி வேறு. அந்தக் கரியின் ஐசோடோப்புகளை அளந்தால் ஆய்வகத்தில் தெரியும். சந்தையில் தெரியாது.

படிகம் தன் இனத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றதை விலக்கும் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னோம். சொல்லி முடிக்கும்போதே பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், சிலர் குனிந்துகொண்டார்கள். இந்த ஆற்றுப் படுகையில் அந்த வாக்கியத்துக்கு வேறொரு பொருள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு ஏறிய ஊர்கள் இவை. 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களுள் உடன் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதையொட்டி அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024இல் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கோரியது. இயற்கையே இப்படித்தான் என்று எவரும் அந்த வகுப்பிலிருந்து எடுத்துச் செல்லக் கூடாதே என்ற கவலை நமக்கு.

இயற்பியல் துறை நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர், உப்பையும் கற்கண்டையும் மட்டும் காட்டினால் அப்படித்தான் ஆகும் என்றார். மறுவாரம் ஒரு பொட்டலம் கடற்கரை மணலோடும் கைவில்லையோடும் நம் வகுப்புக்கே வந்துவிட்டார். தென்கடற்கரை நெடுக, அலை ஒதுக்கும் கருஞ்சிவப்பு மணலில் கார்னெட் மிகுதி. மலைப் பாறைகளில் பிறந்து, ஆறுகள் உருட்டிவர, கடல் சலித்து ஒதுக்கியது அது. உப்புத்தாளில் ஒட்டுகிறார்கள், நீர்த்தாரையில் கலந்து இரும்புத் தகட்டை அறுக்கிறார்கள். அதற்காகவே அள்ளி அள்ளிக் கரையைக் குடைந்து, 2013இல் தமிழக அரசு தாது மணல் எடுப்பதை நிறுத்தியது தனிக்கதை.

நண்பர் சொல்ல வந்தது வேறு. கார்னெட்டின் புள்ளிக் கணக்கும் கோலம்போல் துல்லியமானது. ஆனால் அதிலுள்ள ஓர் இருக்கையில் இரும்பும் அமரலாம், மக்னீசியமும் அமரலாம், கால்சியமும் மாங்கனீசும்கூட. பருமனும் மின்னேற்றமும் ஒத்துப்போனால் போதும், ஒழுங்கு குலைவதில்லை. மாணிக்கமும் அப்படியே. தூய அலுமினிய ஆக்சைடு நிறமற்றது. அலுமினியத்தின் இடத்தில் சிறிதளவு குரோமியம் அமர்ந்தால்தான் சிவப்பு.

பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார்த்த மாணவி, இதில் எது இரும்பின் இடம், எது மக்னீசியத்தின் இடம் என்று கேட்டாள். அப்படித் தனியிடம் இல்லை என்றார் நண்பர். ஊடுகதிரால் பார்த்தால், இந்த இருக்கைகளில் இரும்பு இத்தனை பங்கு, மக்னீசியம் இத்தனை பங்கு என்று சராசரி கிடைக்கும்; குறிப்பிட்ட ஓர் இருக்கையில் அமர்ந்திருப்பது எது என்று கிடைக்காது.